யானைக்கசத்தில் நாற்பத்தொரு மீன்கள்

பிப்ரவரி 3, செவ்வாய்

புது நாட்குறிப்பு. துறைக்கு மாதந்தோறும் கொடுக்கும் சுற்றுப்பயண நாட்குறிப்பு வேறு. அதில் நான் போகாத ஊர்களுக்கெல்லாம் போயிருக்கிறேன். இதில் போன ஊர்களை மட்டும் எழுதுவதாக உத்தேசம்.

காலை பதினொன்றரை மணிக்கு ஓர் உத்தரவு வந்தது. நொச்சியோடையில் நாட்டு மீன்கள் வாழும் இடங்களை டிரோன் மூலம் கண்டறிந்து, அவற்றைப் பாதுகாக்க என்ன செய்யலாம் என்ற பரிந்துரையுடன் மார்ச் 20-க்குள் அறிக்கை அனுப்ப வேண்டும். மீன்வளச் சார் ஆய்வாளர்களில் அனுபவம் மிக்கவர் என்பதால் பொறுப்பு எனக்கு. மற்ற மூவரும் நேற்றே விடுப்பு எழுதிக் கொடுத்துவிட்டது தற்செயல்.

நொச்சியோடை மலையடிவாரத்தில் இறங்கி, நாலு கிலோமீட்டர் ஓடி, கடுவனூர்ப் பெரியகுளத்தில் விழுகிறது. நடுவழியில் யானைக்கசம். கோடையிலும் வற்றாத ஆழமான பள்ளத்தை இந்தப் பக்கம் கசம் என்பார்கள். அதைப் பாதி தூர்த்து, அடியில் கான்கிரீட் போட்டு, மக்கள் குளிக்கப் படித்துறை கட்டும் வேலை மார்ச் 25 அன்று தொடங்குகிறது. அங்கே குறிப்பிடத்தக்க மீன் எதுவும் இல்லை என்று எங்கள் துறை போன வருடமே சான்று கொடுத்திருக்கிறது. நகல் கோப்பில் இருக்கிறது. கொடுத்த அலுவலரின் கையெழுத்து தெளிவாக இல்லை.

நான் ஓய்வுபெற இன்னும் ஐம்பத்தாறு நாள். என் மனைவி பிரம்மநாயகி, எனக்குப் பிரமு, பித்தளைப் பாத்திரங்களைச் சாக்கில் கட்டத் தொடங்கிவிட்டாள். ஏப்ரல் முதல் வாரம் கோயமுத்தூரில் மகள் வீட்டு மாடிக்குப் போகிறோம். முப்பத்துநான்கு வருடத்தில் பதினொரு ஊருக்கு மாற்றலாகி அலைந்தவள். இது பன்னிரண்டாவது, அதோடு கடைசி என்று எனக்கு வாக்குறுதி கொடுக்கப்பட்டிருக்கிறது. கொடுத்தவள் அவள்.

பிப்ரவரி 5, வியாழன்

துறையிடம் சொந்த டிரோன் உண்டு. இரண்டு வருடத்துக்கு முன் வந்தது. தொலைந்துவிடக் கூடாது என்பதற்காக இரும்பு பீரோவில் பூட்டி வைத்திருந்தோம். இன்று திறந்து பார்த்ததில் தொலையவில்லை. பேட்டரி மட்டும் பூரி மாதிரி உப்பியிருந்தது.

ஆகவே கடுவனூரில் கல்யாணப் படம் எடுக்கும் ‘சுடர் ஸ்டுடியோ’ இசக்கிராஜை அமர்த்தியிருக்கிறோம். முப்பது வயது. இதுவரை நானூறு கல்யாணங்களின் மேல் பறந்திருப்பதாகச் சொன்னான். மீன் விஷயத்தை விளக்கிச் சொன்னேன். பொண்ணு வீடா மாப்பிள்ளை வீடா என்று கேட்கவில்லையே தவிர, மற்ற எல்லாவற்றையும் கேட்டான்.

மீன் பற்றிய அறிவுக்கு, பக்கத்துக் கல்லூரியின் விலங்கியல் பேராசிரியை செய்யதலி பாத்திமா வருகிறார். நாற்பது வயதிருக்கும். முழங்கால்வரை ரப்பர் பூட்ஸ். அவர் காகிதத்தில் ஓடையை வரைந்து, அதன்மேல் அடிஸ்கேல் வைத்து நேர்கோடுகள் போட்டிருக்கிறார். டிரோன் ஒரே உயரத்தில், ஒரே வேகத்தில், அந்தக் கோடுகளின் மேலேயே போக வேண்டும். கேமரா செங்குத்தாகக் கீழே பார்க்க வேண்டும். இரண்டு வினாடிக்கு ஒரு படம். இசக்கிராஜ் எல்லாவற்றுக்கும் தலையாட்டினான்.

பிப்ரவரி 6, வெள்ளி

முதல் நாள் படத்தை மூவரும் உட்கார்ந்து பார்த்தோம். ஒரு தென்னை ஓலைக்குப் பின்னாலிருந்து ஓடை மெதுவாக வெளிப்படுகிறது. சூரியன் கண்ணைச் சிமிட்டுகிறது. பிறகு நான் ஒரு பாறையில் நின்று தண்ணீரைப் பார்க்கிறேன். டிரோன் என்னை மூன்று முறை சுற்றி வருகிறது. என் வேட்டி நுனி மெதுவாக, மிக மெதுவாகப் பறக்கிறது. வயலின் அழுகிறது.

பாத்திமா மேடம் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்.

“மீன் எங்க தம்பி?”

“மீன் செகண்ட் ஹாஃப்ல வரும் மேடம்.”

பிப்ரவரி 9, திங்கள்

இசக்கிராஜால் நேர்கோட்டில் பறக்க முடியவில்லை. கை தன்னால் வட்டம் போடுகிறது. பத்து வருடப் பழக்கம். ஒரு மருத மரத்தைக் கண்டால் மாப்பிள்ளை மாதிரி அதைச் சுற்றி வந்துவிட்டுத்தான் மேலே போகிறான். கடைசியில் மேடம் அவன் பக்கத்தில் நின்று, “நேரா, நேரா” என்று சொல்லிக்கொண்டே இருந்தார். இரண்டு மணி நேரம். மாலையில் அவருக்குத் தொண்டை கட்டிவிட்டது.

இன்று கற்றது: மீனுக்கு ஓடை முழுவதும் வீடு அல்ல. முட்டையிட, தண்ணீர் சலசலவென்று ஓடும் கூழாங்கல் தரை வேண்டும். வெயிலுக்கு ஒதுங்க மர நிழல் வேண்டும். கோடையில் பிழைத்துக் கிடக்க ஆழமான கசம் வேண்டும். கரையில் நின்றால் தண்ணீரின் பளபளப்பு கண்ணை மறைத்துவிடும். நேர் மேலேயிருந்து பார்த்தால் அடித்தரை புத்தகம் மாதிரி தெரியும். அதற்காகத்தான் டிரோன்.

முப்பத்துநான்கு வருடமாக நான் மீன்களை ஆக்சிஜன் பையிலும் லாரியிலும்தான் பார்த்திருக்கிறேன். நொச்சியோடைக்கு இப்போதுதான் முதல்முறையாக வருகிறேன். இதற்கு முன் சந்தர்ப்பம் அமையவில்லை. சான்றில் ‘நேரில் கள ஆய்வு செய்ததில்’ என்று இருக்கிறது. எழுதியவர் வந்திருப்பார் போலும்.

பிப்ரவரி 12, வியாழன்

மூன்று நாளாக ஒரு மீனும் தென்படவில்லை. சத்தத்துக்கும் நிழலுக்கும் பயந்து பாறை இடுக்கில் ஒளிந்துகொள்கின்றன என்கிறார் மேடம். அவர் சோர்ந்துவிட்டார். நான் சோரவில்லை. மீன் இல்லை என்பதும் ஓர் அறிவியல் முடிவுதான். அதை இரண்டு பக்க அறிக்கையில் அழகாகச் சொல்லலாம்.

ஓய்வுபெறும் மாதத்தில் ஓர் அலுவலர்மேல் விசாரணை ஏதும் வந்தால் அவரை ஓய்வுபெற விடமாட்டார்கள். ஊரைவிட்டு வெளியே போகவும் அனுமதி வாங்க வேண்டும். இதைப் பொதுத் தகவலாகக் குறித்து வைக்கிறேன்.

பிப்ரவரி 16, திங்கள்

மேடத்துக்குத் தொண்டை சரியில்லை, வரவில்லை. நானும் இசக்கிராஜும் மட்டும்.

அவன் டிரோனுக்கு அடியில் ஒரு சின்னப் பெட்டியைப் பொருத்தினான். கல்யாணத்தில் தாலி கட்டியதும் மேலேயிருந்து மணமக்கள்மீது ரோஜா இதழ் கொட்டும் பெட்டி. அதில் ரோஜாவுக்குப் பதில் பொரியை நிரப்பினான்.

“பொண்ணு மாப்பிள்ளையும் மொதல்ல இப்படித்தான் சார், தலையத் தூக்கவே மாட்டாங்க. மேல இருந்து ஏதாவது விழுந்தா தன்னால பாப்பாங்க. மீனுக்கு மட்டும் கூச்சம் இருக்காதா?”

ஆய்வின் நடுவே மீனுக்குத் தீனி போடலாமா என்று நான் கேட்டிருக்க வேண்டும். அந்த நேரம் பார்த்து நான் வேறு பக்கம் திரும்பி டீ குடித்துக்கொண்டிருந்தேன்.

பிப்ரவரி 18, புதன்

மீன்.

பிப்ரவரி 20, வெள்ளி

நேற்று முன்தினம் எழுத நேரமில்லை. மேடம் திரும்பி வந்து படங்களைப் பார்த்ததும் கையைக் கன்னத்தில் வைத்தவர் எடுக்கவில்லை. செவ்வாலி என்று இங்கே சொல்லும் சிறு கெண்டை. உள்ளங்கை நீளம், வால் மட்டும் வெற்றிலை போட்ட வாய்போலச் சிவப்பு. வேறு எந்த ஓடையிலும் பல வருடமாகப் பார்த்ததில்லையாம். இங்கே முதல் இடத்தில் நாற்பத்தொன்று. இரண்டாவது இடத்தில் நாற்பத்தொன்று. மூன்றாவது இடத்திலும் நாற்பத்தொன்று. இப்படிப் பத்தொன்பது இடங்கள். மொத்தம் எழுநூற்று எழுபத்தொன்பது.

“எவ்வளவு சீராப் பரவி இருக்கு பாத்தீங்களா சார். இந்த மாதிரி நான் எந்தப் புத்தகத்துலயும் படிச்சதில்ல” என்றார் மேடம். நானும் படித்ததில்லை என்றேன்.

இசக்கிராஜ் டிரோனைத் துடைத்துக்கொண்டே இருந்தான். அவ்வளவு தூசி அதில் இல்லை.

பிப்ரவரி 21, சனி

படங்களை வீட்டில் மடிக்கணினியில் பார்த்துக்கொண்டிருந்தேன். பிரமு பக்கத்தில் உட்கார்ந்து முருங்கைக்கீரை உருவிக்கொண்டிருந்தாள். நாலாவது படம் வந்ததும் உருவுவதை நிறுத்தினாள்.

“இவன் வாலு கிழிஞ்சிருக்குல்லா, இவன் மொத படத்துலயும் நின்னானே.”

ஒவ்வொன்றாகப் பார்த்தோம். வாலின் மேல்நுனி கிழிந்த ஒரு செவ்வாலி, பத்தொன்பது படத்திலும் முன்வரிசையில் நின்றது.

“கல்யாண வீட்டுல ஒரு ஆளு எல்லா போட்டோலயும் நிப்பாம்லா, அது மாதிரி. அது சரி, மத்தவனுவளும் அதே ஆளுகதான். எண்ணிப் பாருங்க.”

எண்ண வேண்டியதில்லை. டிரோன் சத்தம் கேட்டால் பொரி விழும் என்று அவை இரண்டே நாளில் தெரிந்துகொண்டுவிட்டன. டிரோன் போன இடமெல்லாம் கீழே ஊர்வலமாகப் பின்னால் வந்திருக்கின்றன. ஒரே நாற்பத்தொரு மீன்களை நாங்கள் பத்தொன்பது முறை கண்டறிந்திருக்கிறோம்.

பிப்ரவரி 23, திங்கள்

உண்மையை மேடத்திடம் சொல்லிவிடுவது என்று முடிவு செய்தேன். எழுநூற்று எழுபத்தொன்பது மீன் உள்ள ஓடையில் மீனே இல்லையென்று சான்று கொடுத்தவர் பெரிய ஆபத்தில் இருக்கிறார். நாற்பத்தொன்று என்றால் ஏதோ பார்வையில் தவறிவிட்டது என்று சொல்லிக்கொள்ளலாம். ஆனால் நான் சொல்லப்போவது அதற்காக அல்ல. உண்மை உண்மைக்காகவே சொல்லப்பட வேண்டும்.

சொன்னேன். மேடம் இசக்கிராஜை ஐந்து நிமிடம் பார்த்தார். அதில் நாலு நிமிடம் ஒன்றும் பேசவில்லை. ஐந்தாவது நிமிடம் பேசியதை எழுதுவதற்கில்லை. அவன் தலை குனிந்து நின்று, பெட்டியிலிருந்த மிச்சப் பொரியைக் கொஞ்சம் கொஞ்சமாக வாயில் போட்டுக்கொண்டான். அது பயத்தினால் என்று நினைக்கிறேன்.

பிறகு அவர் பாறையில் உட்கார்ந்து, கோடு போட்ட காகிதத்தை மடியில் விரித்தார்.

“அப்ப ஓடை மொத்தத்துலயும் நாப்பத்தொண்ணுதான். சரி. பொரி தின்னு முடிச்சதும் இதுங்க எங்க போகுது? அதைத்தான் நாம பாக்கவே இல்ல.”

நான் எதிர்பார்த்த கேள்வி இது அல்ல.

பிப்ரவரி 25, புதன்

காலையில் டிரோன் நாற்பத்தொன்றையும் குளம்வரை கூட்டிக்கொண்டு போனது. அங்கே பொரியை நிறுத்திவிட்டு, நன்றாக மேலே ஏறி, சத்தம் கீழே எட்டாத உயரத்தில் நின்று பார்த்தது. மீன்கள் கொஞ்ச நேரம் வானத்தைப் பார்த்தன. சாப்பாடு முடிந்தது என்று தெரிந்ததும் திரும்பின. கூழாங்கல் தரை, நிழல், சின்னப் பள்ளங்கள் எல்லாவற்றையும் தாண்டிக்கொண்டே போயின. எங்கும் நிற்கவில்லை.

யானைக்கசத்தில் இறங்கின. நாற்பத்தொன்றும்.

ஐந்து முறை செய்து பார்த்தோம். ஐந்து முறையும் யானைக்கசம். செவ்வாலிக்கு இந்த ஓடையில் ஒரே ஒரு வீடுதான். அதில்தான் மார்ச் 25 அன்று கான்கிரீட் விழுகிறது. உண்மையை நான் சொல்லியிராவிட்டால் இது தெரிந்தே இருக்காது. இதைத் தற்பெருமைக்காக எழுதவில்லை. வேறு ஏதோ ஒரு காரணத்துக்காக எழுதுகிறேன்.

மார்ச் 2, திங்கள்

மேடம் அந்தச் சான்றின் நகலைக் கேட்டார். கொடுத்தேன். வெயிலில் பிடித்துப் பார்த்தார்.

“கையெழுத்து ‘கோ’னு ஆரம்பிக்குது. உங்க ஆபீஸ்ல யாரு சார்?”

‘கோ’ என்று தொடங்கும் பெயர்கள் துறையில் பல உண்டு என்றேன். என் பெயர் கோமதிநாயகம். மேடம் நகலை மடித்து என் சட்டைப் பையிலேயே வைத்துவிட்டுப் போனார்.

மார்ச் 8, ஞாயிறு

ஆய்வு இல்லாத நாள். பொடிநடையாகப் போனதில் கால் எப்படியோ யானைக்கசத்துக்கு வந்துவிட்டது. வீட்டிலிருந்து ஒன்பது கிலோமீட்டர். வழியில் ஒரு கடையில் பொரி வாங்கினேன். கள ஆய்வுக்கு உபயோகப்படும்.

டிரோன் இல்லாமல் அவை வரவில்லை. வாயால் ‘ர்ர்ர்’ என்று சத்தம் கொடுத்துப் பார்த்தேன். வாலு கிழிந்தவன் மட்டும் வந்தான். அக்கம்பக்கத்தில் யாரும் இல்லை. துணி துவைத்துக்கொண்டிருந்த ஓர் அம்மாள் இருந்தார். அவர் தன் பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு கொஞ்சம் தள்ளிப் போய்த் துவைத்தார்.

மார்ச் 11, புதன்

கசத்தின் மேல்முனையில், கூழாங்கல் தரையில், மூன்று பெண் செவ்வாலிகள் வயிற்றைக் கல்லில் தேய்த்துக்கொண்டு சுற்றின. ஆண்கள் பின்னால். முட்டையிடுகின்றன என்று மேடம் கிசுகிசுத்தார். தண்ணீருக்குள் கேட்டுவிடும் என்பதுபோல நாங்களும் கிசுகிசுத்தோம்.

இசக்கிராஜ் டிரோனை எடுத்தான். ஒரு மருதக் கிளைக்குப் பின்னாலிருந்து மெதுவாக வெளிப்பட்டு, உயர்ந்து, நீருக்கு மேலே அகலமாக ஒரு வட்டம் போட்டான். பொரி போடவில்லை. “நேரா” என்று மேடம் சொல்லவில்லை. ஒரே வட்டத்தில் முட்டையிட்ட இடம், நிழல், ஆழம் மூன்றும் ஒன்றன்பின் ஒன்றாக வந்துவிட்டன. நேர்கோட்டில் இது வந்திருக்காது என்று மேடமே ஒப்புக்கொண்டார்.

“முகூர்த்தம் சார்” என்றான் இசக்கிராஜ். கண்ணைத் துடைத்துக்கொண்டான். நானூறு கல்யாணத்திலும் அழாதவன்.

மார்ச் 16, திங்கள்

மேலதிகாரி போனில் அழைத்தார். என்றைக்கும் இல்லாத மரியாதை.

“நாயகம் சார், முப்பத்தி நாலு வருஷம் ஒரு கறை இல்லாம ஓட்டிட்டீங்க. அறிக்கைக்கு என்ன அவசரம்? ஏப்ரல் ரெண்டாம் தேதி அடுத்தவர் வந்து அனுப்பட்டும். நீங்க மாலையப் போட்டுக்கிட்டு நிம்மதியா கிளம்புங்க.”

மார்ச் 25-க்கு மேல் யானைக்கசம் இருக்காதே என்றேன். கசம் போனால் என்ன, படித்துறை வருகிறதே என்றார். பழைய சான்றின் அசல் கோப்பு தன் மேசையில் இருப்பதாகவும், அதைத் திறக்கத் தனக்கு மனம் வரவில்லை என்றும் சொன்னார். நல்ல மனிதர். எந்தக் கோப்பையும் திறக்க அவருக்கு மனம் வந்ததில்லை.

பிரமு ஏழாவது சாக்கைத் தைத்துக்கொண்டிருந்தாள். அவளிடம் ஒன்றும் சொல்லவில்லை. இரண்டு தோசையோடு எழுந்துவிட்டேன்.

மார்ச் 18, புதன்

தூக்கம் சரியில்லை. கொசு.

மார்ச் 19, வியாழன்

அறிக்கை அனுப்பியாயிற்று. முப்பத்தாறு பக்கம், படங்கள் தனி. பின்னிணைப்பு நான்கு.

நான்காவது பின்னிணைப்பு, போன வருடச் சான்று. அதிலுள்ள கையெழுத்தை அடையாளம் கண்டுவிட்டேன். என்னுடையதுதான். ‘கீழே கையொப்பமிட்டவர் களத்துக்குப் போகாமலே இதை வழங்கினார்’ என்று ஒரு வரி சேர்த்தேன். போன வருடம் அன்றைக்கு நல்ல மழை. மேசையில் பதினேழு கோப்பு. டீ ஆறிக்கொண்டிருந்தது. இவை காரணம் ஆகாது. நடந்தவை என்பதால் எழுதுகிறேன்.

மாலையில் பிரமுவிடம் சொன்னேன். அவள் கோணி ஊசியைக் கீழே வைத்தாள்.

“போகாமலே போனேன்னு எழுதுனீயளா?”

“ஆமா.”

“இத்தன வருஷம் சுற்றுப்பயணம்னு எழுதிட்டு வீட்டுல படுத்துக் கெடந்தீயளே, அப்பவே நெனச்சேன்.”

இரவு ரசத்தில் உப்பு இல்லை. நான் கேட்கவில்லை.

மார்ச் 25, புதன்

ஜேசிபி வந்தது. அறிக்கையைப் பார்த்துவிட்டு, மறு உத்தரவு வரும்வரை நிற்கட்டும் என்று மேலே இருந்து யாரோ சொல்ல, வேப்ப மரத்தடியில் நின்றது. ஓட்டுநர் கசத்தில் இறங்கிக் குளித்தார். தண்ணீர் அருமை என்றார்.

மார்ச் 31, செவ்வாய்

பிரிவுபசார விழா நாலு மணிக்கு. மாலை, பொன்னாடை, சுவர்க்கடிகாரம். இசக்கிராஜ் வேண்டாம் என்றாலும் கேட்காமல் அலுவலக வாசலில் டிரோன் விட்டு என்மேல் ரோஜா கொட்டினான். நடுநடுவே பொரியும் விழுந்தது.

விடுப்பு முடித்து வந்த சக அலுவலர் ஒருவர் என் அருமைகளைச் சொல்லிக்கொண்டிருந்தார். ஜாங்கிரி கொடுத்தாயிற்று, மிக்சர் இன்னும் வரவில்லை. அந்த இடைவெளியில் உத்தரவு வந்தது. கோமதிநாயகம் என்பவர் கள ஆய்வு செய்யாமல் செய்ததாகச் சான்றளித்த குற்றச்சாட்டின்பேரில் விசாரணை தொடங்கப்படுகிறது. அது முடியும்வரை ஓய்வுபெற அனுமதி இல்லை. தலைமையிடமான கடுவனூரைவிட்டு முன் அனுமதியின்றி வெளியேறக் கூடாது.

பேசிக்கொண்டிருந்தவர் கெட்டிக்காரர். “அவர் நம்மைவிட்டுப் பிரிகிறார்” என்று தொடங்கிய வாக்கியத்தை “என்று நினைத்தோம்” என்று முடித்தார். கடிகாரத்தைத் திருப்பிக் கொடுக்க வேண்டுமா என்பதில் தெளிவில்லை. சட்டம் இதைப் பற்றி ஒன்றும் சொல்லவில்லை. நானே வைத்துக்கொண்டேன்.

உத்தரவில் கடைசியாக ஒரு பத்தி. யானைக்கசம் இவ்விசாரணையின் சாட்சியம் ஆதலால், விசாரணை முடியும்வரை அதை உள்ளது உள்ளபடி வைத்திருக்க வேண்டும். யாரும் அதில் எந்த மாற்றமும் செய்யலாகாது.

இதை இரண்டு முறை படித்தேன். மிக்சர் வந்தது. சாப்பிட்டேன்.

ஏப்ரல் 1, புதன்

வழக்கம்போல் அலுவலகம். எல்லாரும் என்னைப் பார்த்ததும் குரலைத் தாழ்த்தினார்கள். பிரமு முதல் சாக்கைப் பிரித்து இட்லிக் கொப்பரையை எடுத்திருக்கிறாள். மகளுக்கு போன் பண்ணி, “உங்க அப்பாவுக்கு இங்க ஒரு ஜோலி கெடக்கு” என்று மட்டும் சொன்னாள்.

ஏப்ரல் 10, வெள்ளி

பாத்திமா மேடம் வந்தார். யானைக்கசத்தைச் சட்டப்படி பாதுகாக்கப்பட்ட மீன் வாழிடமாக அறிவிக்கக் கேட்டு, எங்கள் படங்களோடு சென்னைக்கு விண்ணப்பம் போயிருக்கிறது. கிடைத்துவிடும் என்கிறார். எப்போது என்றேன்.

“ரெண்டு வருஷம் ஆகும் சார். கொறஞ்சா அது அதிர்ஷ்டம்.”

கிளம்பும்போது, என்னால்தானே உங்களுக்கு இப்படி என்று ஏதோ சொல்ல ஆரம்பித்தார். ஆரம்பித்த வாக்கியத்தை முடிக்க விடாமல் பிரமு அவருக்கு ஒரு டம்ளர் பானக்கம் கொடுத்தாள்.

ஏப்ரல் 28, செவ்வாய்

விசாரணையின் முதல் நாள். விசாரணை அலுவலர் திருமலைக்கொழுந்து. தங்கமான மனிதர், வேறு துறை. சர்க்கரை வியாதி, மேசை டிராயரில் வறுத்த கடலை வைத்திருக்கிறார். எனக்கும் கொடுத்தார். விசாரிக்கப்படுபவருக்குக் கடலை கொடுப்பது விதிகளில் இல்லை.

குற்றச்சாட்டைப் படித்துவிட்டுச் சிரித்தார்.

“அண்ணாச்சி, நீங்களே எழுதிக் குடுத்துட்டீய. இதுல விசாரிக்க என்ன இருக்கு? ஒத்துக்கிட்டேன்னு இதுல ஒரு கையெழுத்து. ஒரு எச்சரிக்கையோட ஒரு வாரத்துல முடிச்சு விட்டுருதேன். அடுத்த மாசம் பென்ஷன வாங்கிக்கிட்டு மக வீட்டுக்குப் போங்க.”

பேனாவையும் நீட்டினார். நான் வாங்கினேன். விசாரணை முடிந்தால் யானைக்கசம் என்ன ஆகும் என்று கேட்டேன். பொது அறிவுக்காகத்தான்.

“சாட்சியமே வேண்டாம்னு ஆனப்பறம் அதுக்கு என்ன காவலு? மறுநாளே கான்கிரீட்டு. அந்த ஜேசிபி இன்னும் வேப்ப மரத்தடியிலதான் நிக்குன்னு கேள்வி.”

பேனா மூடியைத் திருகி மூடினேன்.

தற்காப்புக்குத் தேவையான ஆவணங்களைக் கேட்டுப் பெற, குற்றம் சாட்டப்பட்டவருக்கு உரிமை உண்டு. இயற்கை நீதி என்பது இதுதான். அந்த உரிமை முழுமையாக நிறைவேற்றப்பட வேண்டும் என்பதில் எனக்கு எப்போதும் உறுதி உண்டு. ஒரு வெள்ளைத்தாள் கேட்டு வாங்கி, அங்கேயே உட்கார்ந்து பட்டியல் எழுதினேன். வருகைப் பதிவேடுகள், தபால் பதிவேடுகள், கடந்த முப்பத்துநான்கு வருடத்தில் நான் பணிபுரிந்த பதினொரு அலுவலகங்களின் கோப்புகள், சான்று எழுதிய நாளின் மழை அளவு. மொத்தம் நாற்பத்தேழு ஆவணங்கள்.

திருமலைக்கொழுந்து பட்டியலைப் படித்தார். கடலை மெல்லுவதை நிறுத்தினார்.

“ஒத்துக்கிட்ட குத்தத்துக்கு எதுக்கு அண்ணாச்சி தற்காப்பு?”

ஒத்துக்கொண்டதற்கான சூழ்நிலையை நிரூபிக்க என்றேன். அவர் என்னை வெகுநேரம் பார்த்தார். ஏதோ புரிந்தாற்போல் இருந்தது. டிராயரை இழுத்து இன்னும் ஒரு கைப்பிடி கடலை எடுத்து என் முன்னால் வைத்தார். ஆவணங்கள் வந்து சேரும்வரை விசாரணையை ஒத்திவைப்பதாகக் குறிப்பெழுதினார்.

வீட்டுக்கு வந்ததும் பிரமுவிடம் எப்படிச் சொல்வது என்று தெரியவில்லை. கையெழுத்துப் போட்டிருந்தால் அடுத்த வாரமே கோயமுத்தூர் போயிருக்கலாம். சொல்லித்தான் ஆக வேண்டும். சொன்னேன். அவள் வாசல் கதவைச் சாத்திவிட்டு வந்து எதிரில் உட்கார்ந்தாள்.

“எத்தன பேப்பரு கேட்டீய?”

“நாப்பத்தேழு.”

“அதெல்லாம் ஆறு மாசத்துல தேடி எடுத்துருவானுவ. ரெண்டு வருஷம் தாங்காது.” விரல் விட்டு ஊர்களை எண்ணினாள். “நாலாவதா நாம இருந்த ஊருல, ஆபீஸ் பூராவும் கரையான் அரிச்சு, ஒரு வருஷத்துப் பேப்பர் மொத்தமா மண்ணாப் போச்சே. அது எந்த வருஷம்?”

வருடத்தைச் சொன்னேன்.

“அந்த வருஷத்துப் பேப்பரா கேளுங்க.”

அந்த வருடத்தில் பன்னிரண்டு ஆவணங்கள் எனக்கு அவசியம் தேவைப்படுவது நினைவுக்கு வந்தது. நாளை காலை துணைப் பட்டியலாகக் கொடுத்துவிட வேண்டும்.